கரடிக்கு இடமில்லாத பூங்கா

ஜூன் 3, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கிறது. வலது கையில் மூன்று விரல் அசைகிறது, இரண்டு அசையவில்லை. சாப்பாடு அரை வயிறு. குணம்: சிடுசிடுப்பு.

ஜூன் 5, திங்கள்

மிருகக்காட்சி சாலையில் தலைமைக் காப்பாளன் நான். இருபத்தேழு வருஷமாகச் சாயங்காலம் ஆனால் தினக்குறிப்பு எழுதிக் கொடுத்தாக வேண்டும். எது எவ்வளவு தின்றது, என்ன மிச்சம் வைத்தது, சாணம் இறுகலா இளகலா, குணம் எப்படி. இப்போது மருத்துவ விடுப்பு. எழுத மிருகம் கிடையாது. பழக்கம் விடமாட்டேன் என்கிறது. என்னைப் பற்றியே எழுதித் தொலைக்கலாம் என்று மகளுடைய பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

எதற்கு விடுப்பு என்று எழுதாமல் விட்டால் குறிப்பு முழுமையாகாது. மே 9, செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை நாள், மல்லி என்கிற கரடி என் வலது கையை முழங்கைக்குக் கீழே கடித்தது. கூட வேலை செய்த தெய்வானை மேல் பாய வந்ததை நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். பேப்பரில் போட்டோவோடு வந்தது. அதற்குமேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 7, புதன்

கைப்பயிற்சி சொல்லித் தருகிற பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னாள். பந்து அமுக்க நான் என்ன தொட்டில் குழந்தையா என்று கேட்டேன். அப்படியானால் விரலுக்கு வேலை கொடுக்கிற மாதிரி வேறு எதையாவது செய்யுங்கள் என்று கோபித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் மோகனா ஒரு யோசனை சொன்னாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள் அவள். பழைய லேப்டாப்பையும் மவுஸையும் எனக்குக் கொடுத்துவிடுகிறாளாம். அதில் மிருகக்காட்சி சாலை கட்டுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறதாம். வேலி போடலாம், மிருகம் கொண்டுவந்து விடலாம், காப்பாளர்களை வேலைக்கு வைக்கலாம், பார்க்க ஜனம் வருமாம். ஐந்து நட்சத்திரம் வாங்கினால் பெரிய பூங்கா என்று அர்த்தமாம்.

அசல் பூங்காவில் குப்பை கொட்டினவனுக்குப் பொம்மைப் பூங்காவா என்றேன். மோகனா அம்மா அடுப்படியில் இருந்தே, "பண்ணிப் பாருங்க, சும்மா மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு அதுவாச்சும் ஆகட்டும்" என்றாள்.

ஜூன் 8, வியாழன்

வரிக்குதிரை மூன்று செத்துப்போச்சு. தண்ணீர்த் தொட்டி வைக்க மறந்துவிட்டேன். இருபத்தேழு வருஷ சர்வீஸ்!

ஜூன் 9, வெள்ளி

இன்றைக்குத் தொட்டி வைத்தேன். புதுசாக வாங்கின வரிக்குதிரை பிழைத்தது. மான் வேலியைத் தாண்டி ஐஸ்கிரீம் கடைக்குள் புகுந்துவிட்டது. மவுஸ் பிடிக்கிற கை நடுங்குகிறது, அதனால்தான் வேலி கோணலாக விழுகிறது. அரை நட்சத்திரம்.

ஜூன் 12, திங்கள்

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஐந்து நட்சத்திரம் வாங்காமல் இதை விடுவதில்லை. காலையில் மூன்று மணி நேரம், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம். ஆபீஸ் மாதிரி உட்கார்ந்தாகிறது.

இந்த ஆட்டத்தைச் செய்தவன் ஒரு நாளாவது கூண்டு கழுவியிருக்க மாட்டான். யானை ஒரு நாளைக்கு எவ்வளவு சாணம் போடும் என்றே அவனுக்குத் தெரியவில்லை, ஏதோ ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை காட்டுகிறான். குரங்குக்கு வைத்த மரத்தைப் பார்த்தால் முருங்கைக்கன்று தேவலாம். ஆனால் ஒன்று சொல்லணும், சிங்கம் கொட்டாவி விடுவதை மட்டும் நன்றாகக் கவனித்திருக்கிறான். எங்கள் கிழட்டுச் சிங்கமும் அப்படித்தான், முதலில் நாக்கை மடக்கும்.

எனக்குப் பொறுக்காத விஷயம் கதவு. இதில் காப்பாளன் ஒருத்தனே கதவைத் திறந்துகொண்டு புலிக் கூண்டுக்குள் போகிறான். புலியும் சும்மா படுத்திருக்கிறது. எங்கள் பூங்காவில் அப்படிப் போனால் அன்றைக்கே வேலை போகும். மிருகத்தை உள்ளறைக்கு அனுப்பி, நடுக்கதவை இழுத்துச் சாத்தி, ஒருத்தர் பூட்டணும். "பூட்டியாச்சு" என்று குரல் கொடுக்கணும். அடுத்தவர் நடந்து வந்து, பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "பாத்தாச்சு" என்று சொல்லணும். இந்த ரெண்டாவது குரல் வந்த பிறகுதான் யாரும் திடலுக்குள் கால் வைக்கலாம். இந்த வழக்கத்தை எங்கள் பூங்காவில் கொண்டுவந்ததே நான்தான். புதுசாக வருகிறவர்களுக்கு முதல் நாள் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஆட்டத்தில் அதற்கு வழியில்லை. இருந்தாலும் எல்லாக் கூண்டுக்கும் இரட்டைக் கதவு வைத்துவிட்டேன். மோகனா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

வலது கை: நாலாவது விரல் லேசாக அசைகிறது.

ஜூன் 15, வியாழன்

எங்கள் பூங்கா ரேஞ்சர் போன் பண்ணினார். ஜூலை 12 அன்று விசாரணையாம். சென்னையிலிருந்து துணை இயக்குநர் அம்மா வருகிறார்கள். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சென்னியப்பன், ஆஸ்பத்திரியில நீங்க கொடுத்த வாக்குமூலமே போதும். வந்து ஒரு கையெழுத்து போட்டாப் போதும்" என்றார். ஆகஸ்ட் பதினைந்துக்கு எனக்கு வீரச் செயல் சான்றிதழுக்கு எழுதியிருக்கிறாராம்.

தெய்வானைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். பூட்டாமல் விட்டது அவள்தானே, வேறு வழியில்லை, அனுப்பிவிடுவார்கள் என்றார்.

எட்டு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் இந்த வருஷம் அவள் பெயர் இருக்கிறது. ரெண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை.

அந்த வாக்குமூலத்தில் பொய் ஒன்றும் கிடையாது. "பூட்டியாச்சு என்று தெய்வானை குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு உள்ளே போனோம். கரடி வெளியே வந்தது." இவ்வளவுதான். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்னது.

ஒன்றரை நட்சத்திரம்.

ஜூன் 17, சனி

பறவைக்கூடம் கட்டினேன். கிளி பதினான்கு. சாணம் பற்றித் தகவல் இல்லை.

ஜூன் 19, திங்கள்

இரண்டரை. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மான் மூன்று வகை, நீர்நாய், முதலை. இடம் நிறைய இருக்கிறது. மதியம் மோகனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். "என்னப்பா, கரடியே வாங்கலை? கரடி இருந்தா கூட்டம் பிச்சுக்கும்" என்றாள்.

இடம் இல்லை என்றேன்.

இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று கேட்டாள். அது குளம் வெட்டுவதற்கு என்றேன். அவள் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். கடி வாங்கின பயத்தினால் என்று நினைத்துவிட்டாள். நினைத்தால் நினைக்கட்டும்.

குளம் வெட்டினேன். தேவையே இல்லாத குளம்.

ஜூன் 24, சனி

தெய்வானை பார்க்க வந்தாள். அவள் வீட்டு மரத்துக் கொய்யா ஒரு பை நிறைய. இளைத்துப் போயிருக்கிறாள். விசாரணை முடிகிற வரைக்கும் அவளைக் கூண்டுப் பக்கம் விடுவதில்லையாம், தீவனக் கிடங்கில் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். மல்லியைப் பற்றிக் கேட்டேன். களியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதாம். உள்ளறையிலேயே பூட்டி வைத்திருக்கிறார்களாம், வெயிலே படவில்லையாம். அந்தக் கரடியின் மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் கிடையாது. கதவு திறந்திருந்தால் எந்த மிருகமும் வெளியே வரும்.

சங்கடமாக இருந்ததால் லேப்டாப்பைத் திறந்து என் பூங்காவைக் காட்டினேன். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போச்சு. யானைக் கூண்டில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, கூரையைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொன்னாள். மாற்றினதும் யானையின் மகிழ்ச்சிக் கோடு சரசரவென்று ஏறிற்று. பார்க்க வந்த ஜனங்கள் ஒவ்வொருத்தர் தலைமேலும் அமுக்கினால் அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் வரும். அதை நான் தினமும் படிப்பேன். தெய்வானை அமுக்கினது காப்பாளன் தலைமேல். வேலை அதிகம், ஓய்வறை தூரம், நாலு நாளாகச் சொல்கிறேன் என்று வரிசையாக வந்தது.

"இதை நீங்க தொறந்தே பாக்கலையாண்ணா?" என்றாள். வேலைக்காரர்களுக்கும் அப்படி வரும் என்று எனக்குத் தெரியாது என்றேன். உடனே ஒரு ஓய்வறை கட்டிக் கொடுத்தேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "அண்ணா, அன்னிக்கு பாத்தாச்சுன்னு சொன்னீங்களே. வந்து இழுத்துப் பாத்தீங்களா?"

அந்த நேரம் பார்த்து ஒட்டகச்சிவிங்கி குட்டி போட்டது. என்ன அழகு, பிறந்ததுமே எழுந்து நிற்கப் பார்க்கிறது. அதை அவளுக்குக் காட்டினேன். மோகனா அம்மா காபி கொண்டுவந்தாள். மழை வருகிற மாதிரி இருந்ததால் தெய்வானை சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

நல்ல மனசு அவளுக்கு. இத்தனை நாளாக யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் குறுக்கே விழவில்லை என்றால் அவள் கழுத்து போயிருக்கும், அந்த நன்றியை மறக்க மாட்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

கொய்யாவில் புழு. ஒன்றுகூடத் தின்னவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

மூன்றரை நட்சத்திரத்தில் வந்து நிற்கிறது. இரண்டு நாளாக நகர மாட்டேன் என்கிறது. என்ன பண்ணினாலும் "பெரிய மிருகங்கள் போதவில்லை" என்றே வருகிறது. யானையை ரெண்டாக்கினேன். கேட்கவில்லை.

வாங்கிவிட்டேன். கரடி ஒன்று, பெண். பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. வைக்கவில்லை.

பெரிய திடல், பாறை, கரையான் புற்று நாலு, குளிக்கத் தண்ணீர். எல்லாம் பண்ணிக் கொடுத்தேன். சேட்டைக்காரி, வந்ததும் புற்றுக்குள் மூக்கைவிட்டு உறிஞ்சிற்று. அந்தச் சத்தம்கூட வைத்திருக்கிறான் பாவி. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 30, வெள்ளி

நாலு நட்சத்திரம். ஆனால் இப்போது நட்சத்திரம் முக்கியமில்லை. வேறு ஒன்று பிடிபட்டுவிட்டது.

கரடி நேற்று ஆட்டத்தில் தப்பித்தது. அபாய மணி அடித்து, ஜனங்கள் சிதறி ஓடி, அமளி துமளி. ஏன் என்று தேடினால், வேலி தேய்ந்துவிட்டதாம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வேலிக்கும் கதவுக்கும் ஒரு ஆயுசு உண்டு. பழுது பார்க்கிற ஆள் வரவில்லை என்றால் இரும்பு தேயும், மிருகம் முட்டும், உடையும்.

இரும்பு தேயும்! இதை ஏன் நான் யோசிக்கவில்லை. ஒரு பூட்டு எத்தனை வெயில், எத்தனை மழை பார்க்கிறது. பூட்டுக்குள் இருக்கிற நாக்கு தேய்ந்திருந்தால் பூட்டினாலும் பிடிக்காது, இழுத்துப் பார்த்தாலும் தெரியாது. யார் மேலும் தப்பில்லை. தெய்வானையும் தப்பிப்பாள், நானும். பன்னிரண்டாம் தேதி போய் இதைத்தான் சொல்லப்போகிறேன். சும்மா சொன்னால் போதாது, ஆதாரத்தோடு சொல்லணும்.

ஜூலை 1, சனி

பழுது பார்க்கிற ஆளை வேலையை விட்டு நிறுத்தினேன். கடிகாரத்தை வேகமாக ஓட விட்டேன். நாற்பத்தோராம் நாள் கரடி வெளியே.

ஜூலை 2, ஞாயிறு

மறுபடியும். முப்பத்தெட்டாம் நாள்.

ஜூலை 4, செவ்வாய்

மொத்தம் ஒன்பது தடவை ஓட்டியாச்சு. ஒன்பது தடவையும் இரும்புதான் தோற்றது. காப்பாளன் ஒரு தடவைகூடத் தப்பு பண்ணவில்லை. கதவைத் திறந்தால் மூடுகிறான், மூடினால் பூட்டுகிறான். நோட்டில் கோடு போட்டு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். வலது கையால். மூன்றாம் பக்கத்தில் எழுத்து ஓரளவு மனுஷன் எழுதின மாதிரி வந்துவிட்டது.

கைப்பயிற்சிப் பெண் அசந்துபோனாள். இப்படி ஒரு பிடிவாதக்கார நோயாளியைப் பார்த்ததில்லை என்றாள்.

ஜூலை 6, வியாழன்

விசாரணைக்கு மனு எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். மோகனாவிடம் கொடுத்து டைப் பண்ணச் சொன்னேன். பாதி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"அப்பா, பூட்டு பழசுன்னு எழுதியிருக்கீங்க. சித்திரைக்கு முந்தியே புதுப் பூட்டு வந்துருச்சுன்னு சொன்னீங்களே. யானைகூட உடைக்க முடியாது, நானே சண்டை போட்டு வாங்கினேன்னு அம்மாகிட்ட பெருமையடிச்சீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கொடுத்த வேலையைச் செய், கூடக்கூடப் பேசாதே என்று கத்தினேன். அவள் மீதியையும் அடித்து, தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு அவள் ரூமுக்குப் போய்விட்டாள். படிக்கப் படிக்க எனக்கே கேவலமாக இருந்தது. பூட்டு பழசு என்று சொன்னால் அடுத்தது கிடங்குக்காரரைக் கூப்பிட்டு ரசீதைக் கேட்பார்கள். பூட்டு எடுத்துக்கொடுத்த மனுஷனைப் பிடித்து உலுக்குவார்கள். அந்த ஆள் என்ன பாவம் பண்ணினான்.

சாப்பாடு: ஒரு தோசை. குணம்: எழுதுவதற்கு லாயக்கில்லை.

ஜூலை 7, வெள்ளி

விளையாடவில்லை. கரடி பட்டினி கிடக்குமோ என்று சாயங்காலம் திறந்து பார்த்தேன். நிறுத்தி வைத்த இடத்திலேயே நிற்கிறது, மூக்கைப் புற்றுக்குள் விட்டபடி.

ஜூலை 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாத குறிப்பு எதற்கு.

மே 9, பதினொரு மணி இருக்கும். ஜனமில்லாத நாள், ஆனால் வெயில் மண்டையைப் பிளந்தது. திடலுக்கு வெளியே பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹோஸ் பைப் முறுக்கிக்கொண்டது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தெய்வானை நடுக்கதவைச் சாத்திப் பூட்டினாள். "பூட்டியாச்சு" என்று குரல் வந்தது.

அங்கிருந்து கதவுக்கு இருபது அடி. எட்டு எட்டு வைத்தால் போதும். பைப்பைக் கீழே போட்டால் தண்ணீர் பீய்ச்சும், மறுபடி முறுக்கும். நான் நின்ற இடத்திலிருந்தே "பாத்தாச்சு" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிற்று. இருபத்தேழு வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு மட்டும்தானா அப்படி என்று கேட்டால், இல்லை. தூரத்திலிருந்து சொன்ன நாட்கள் உண்டு. பூட்டு பிடித்திருந்ததால் தெரியாமல் போச்சு, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பூட்டைக் கீழே அமுக்கியிருக்கிறாள், நாக்கு விழவில்லை. புதுப் பூட்டு, இறுக்கம். அது யாருக்கும் நடக்கும். அதற்காகத்தானே ரெண்டாவது ஆள். இழுத்திருந்தால் கையோடு வந்திருக்கும். என் குரலைக் கேட்டுவிட்டு அவள் துடைப்பத்தோடு உள்ளே போனாள். நானும் பைப்பைச் சரிபண்ணிக்கொண்டு பின்னாலேயே போனேன். மல்லி நகத்தைக் கொடுத்துக் கதவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. தெய்வானை முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

குறுக்கே விழுந்தது உண்மை. அது மட்டும்தான் பேப்பரில் வந்தது.

ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாரும் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். மோகனா பேப்பரை வெட்டி வைத்திருந்தாள். இந்த வழக்கத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான், நானே பார்க்காமல் சொன்னேன் என்று எந்த வாயால் சொல்வது. வேலை போகும் என்ற பயத்தைவிட அதுதான் பெரிசாக இருந்தது. வெட்கம். வேறு ஒன்றுமில்லை.

மனுவைக் கிழித்துப் போட்டேன். மோகனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் அவள் அம்மாவும் நின்றாள். மோகனா அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டே, "போய்ச் சொல்லிருங்கப்பா" என்றாள். சொல்லத்தான் போகிறேன். சென்னைக்காரம்மா முன்னால், தெய்வானை முன்னால், முழுசாக. அவள் எனக்காக இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி அவள் சுமக்க வேண்டாம்.

ஜூலை 10, திங்கள்

ஐந்து நட்சத்திரம் வந்தது. மேளம் கொட்டி வாணவேடிக்கை காட்டினார்கள். யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

சட்டை இஸ்திரி போட்டாச்சு. காலை ஏழு மணி பஸ்.

ஜூலை 12, புதன்

பத்து மணிக்கு ஆபீஸ் அறையில் உட்காரவைத்தார்கள். துணை இயக்குநர் அம்மா கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தாமல் பேசினார்கள். பக்கத்தில் ரேஞ்சர், டைப் அடிக்கிற ஒருத்தர். எதிர் நாற்காலியில் தெய்வானை, மடியில் கையை வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள்.

ரேஞ்சர் என் பழைய வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை. "இது பாதிதாங்க. மீதியை இப்ப சொல்லோணும்" என்று எழுந்து நின்றேன். ரேஞ்சர் முகம் போன போக்கைப் பார்க்கணும். உட்காருங்க சென்னியப்பன், உடம்பு சரியில்லாத நேரத்தில் எதற்கு என்றார். அந்தம்மா அவரைக் கையமர்த்திவிட்டு என்னைச் சொல்லச் சொன்னார்கள்.

சொன்னேன். தொட்டி, பைப், இருபது அடி, பார்க்காமல் சொன்ன சொல். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கு முன்னாலும் அப்படிச் சொன்னதுண்டு என்பதையும் சொன்னேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். கடைசியில், "இந்தப் புள்ள என் மரியாதைக்காக இத்தனை நாளா சொல்லாம இருந்துச்சுங்க. அதுமேல ஒரு தப்பும் இல்லை" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தம்மா தெய்வானையிடம் திரும்பினார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை நீ ஏன் சொல்லவில்லை, வேலை போகிற நிலைமையில் இருக்கிறாயே என்று கேட்டார்கள்.

தெய்வானை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொன்னேனுங்க. அன்னிக்கு மத்தியானமே ஆஸ்பத்திரி வராண்டாவுல ரேஞ்சரய்யாகிட்ட சொன்னேன். மறுநாள் இதே ரூம்ல வந்து மறுபடியும் சொன்னேன். கையைக் கொடுத்து உன்னைக் காப்பாத்துன மனுசனையா சொல்றே, உனக்கு நாக்கு கூசலையான்னு கேட்டாங்க. நாலு தடவை சொன்னேனுங்க. யாரும் எழுதலை."

ரேஞ்சர் ஃபைலைப் புரட்டினார். அதில் என்ன இருக்கப்போகிறது. அவர் மட்டுமா? ஜூன் 24 அன்று என் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள். அதை இந்த டைரியில் ஒட்டகச்சிவிங்கிக் குட்டியோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். அவள் வாயைத் திறக்கவில்லை என்று எழுதினவனும் நான்தான். ஊரே கேட்காமல் விட்டதை நான் நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

மறுபடி எழுந்தேன். "அம்மா, என்னுது அப்புறம் இருக்கட்டுங்க. மொதல்ல அது சொல்றதை எழுதுங்க. அது சொல்ற மாதிரியே" என்றேன். அந்தம்மா டைப் அடிக்கிறவரைப் புதுத்தாள் போடச் சொன்னார்கள். என்னையும் ரேஞ்சரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரேஞ்சர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். உள்ளே முக்கால் மணி நேரம் அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, இடையிடையே டைப் சத்தம்.

பிறகு என்னுடையதை எழுதினார்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். தெய்வானை மேல் நடவடிக்கை இல்லை, பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும் என்று அந்தம்மா அவளிடம் நேராகச் சொன்னார்கள். எனக்குத் தலைமைக் காப்பாளர் பொறுப்பு இனி இல்லை, கூண்டு வேலை இல்லை, மற்றது ஆர்டராக வரும். சான்றிதழ் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ரொம்ப நேரம் பஸ் வரவில்லை. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க குறுக்க விழுந்ததை நான் மறக்கலைண்ணா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நெனச்சுட்டீங்களா?"

ஆமாம் அம்மிணி, அப்படித்தான் நினைத்தேன் என்றேன்.

பஸ் வந்தது. அவள் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டாள். பின்னால் நிறைய இடம் காலியாக இருந்தது. உட்கார மனசு வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றே வந்தேன்.